பி.பி.டி. நெல்லில் ஒரு சின்ன வெட்டு

மன்னார்குடிப் பக்கம் சம்பா போடுகிற என் சித்தப்பா ஒருநாள் காலையிலேயே போன் செய்தார். "ஏம்ப்பா, பி.பி.டி. நெல்லுக்கே ஆபரேஷன் பண்ணிட்டாங்களாமே? அப்ப அதுவும் பி.டி. பருத்தி மாதிரிதானா?"

ஓர் எழுத்து வித்தியாசத்தில் வந்த குழப்பம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பலருக்கும் இருக்கிற சந்தேகம்தான் அது. நீங்கள் நெல் போடுபவராக இருக்கலாம், மாதாமாதம் அரிசி மூட்டை வாங்குபவராக இருக்கலாம். இரண்டு பேருக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் செய்தி. 2025 மே 4 அன்று ஒன்றிய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் புது தில்லியில் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று, ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டி.ஆர்.ஆர். ரைஸ் 100. செல்லப் பெயர் கமலா. இன்னொன்று, தில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. இரண்டுமே மரபணு திருத்தம் செய்தவை. பரிந்துரைத்த மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் புதுச்சேரியும் இருக்கின்றன.

கமலா வேறு யாருமில்லை. நம் ஊரில் பி.பி.டி. என்றும், கடையில் ஆந்திரா பொன்னி என்றும் சொல்கிறோமே, அந்தச் சம்பா மசூரிதான் (பி.பி.டி. 5204). ஆந்திராவின் பாபட்லாவில் பிறந்து 1986இல் வெளிவந்த ரகம். அதில் ஒரே ஒரு இடத்தில் கைவைத்திருக்கிறார்கள்.

எந்த இடத்தில்? அதைச் சொல்வதற்கு முன் மரபணு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒவ்வொரு நெல்மணிக்குள்ளும், அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும், அந்தச் செடியை எப்படி வளர்ப்பது என்ற குறிப்பு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குறிப்புதான் டி.என்.ஏ. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. நெல்லுக்கு அப்படி ஏறக்குறைய 40 கோடி எழுத்துகள். அதில் ஒரு வேலையைச் சொல்லும் ஒரு பத்தியை மரபணு என்கிறோம். தாள் எவ்வளவு உயரம், மணி சன்னமா மோட்டாவா, எத்தனை நாளில் பூக்கும் என்பதெல்லாம் இந்தப் பத்திகள் சேர்ந்து முடிவு செய்பவை.

கதிர் கட்டும் பருவத்தில் செடிக்குள் சைட்டோகைனின் (செல்களைப் பெருகச் சொல்லும் வளர்ச்சிச் சாறு) சுரக்கிறது. அது கூடுதலாக இருந்தால் கதிரில் கிளை கூடும், மணி கூடும். ஆனால் செடிக்குள்ளேயே அதைச் சிதைக்க ஓர் ஆள் இருக்கிறது. சி.கே.எக்ஸ்.2 என்ற மரபணு அந்த ஆளைத் தயாரிக்கிறது. சமையலறையில் ஒருவர் மாவு பிசையப் பிசைய இன்னொருவர் அள்ளிக் கொட்டிக்கொண்டிருப்பது மாதிரி. அந்த இரண்டாமவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? கமலாவில் செய்தது அவ்வளவுதான். அந்த மரபணுவை வேலை செய்யாமல் ஆக்கிவிட்டார்கள்.

'செடிக்கு இயற்கையாக இருப்பதைக் கெடுப்பதா' என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்வி. ஆனால் இதே மரபணு தானாகவே நலிந்துபோன நெல் ரகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2005இல் ஹபட்டாகி என்ற ரகத்தில் மணி ஏன் அதிகம் என்று தேடிப்போய்த்தான் இந்த மரபணுவையே கண்டுபிடித்தார்கள். நாம் உண்ணும் பயிர்களில் பல இப்படி ஏதோ ஒரு பத்தி பழுதானதால் நமக்குப் பயன்பட்டவை. பசுமைப் புரட்சியைக் கொண்டுவந்த ஐ.ஆர்.8 குட்டையாக இருந்ததற்குக் காரணம், உயரத்துக்கான ஒரு மரபணு அதில் பழுதானதுதான். சம்பா மசூரியின் பாட்டன் வரிசையில் நம் ஜி.இ.பி. 24 இருக்கிறது. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், வயலில் தானாக மாறிப்போய் நின்ற ஒரு செடியிலிருந்து எடுத்து 1921இல் வெளியிட்ட ரகம் அது. அன்றைக்கு இயற்கை தற்செயலாகச் செய்தது. இன்றைக்கு ஆள் குறிவைத்துச் செய்கிறார். வேறுபாடு அங்கேதான்.

அப்படியானால் ஹபட்டாகியோடு சம்பா மசூரியை ஒட்டுக் கட்டியிருக்கலாமே, எதற்கு இந்தக் கத்திரி வேலை? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானே விளங்கிவிடும். அதனால் இங்கே சற்று நிற்போம்.

ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நெல் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் பூ. அதனால் முந்தின நாள் சாயங்காலமே தாய்ச் செடியின் கதிரை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒவ்வொரு பூவாக உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். கை தவறிச் சூல்முடியைத் தொட்டால் அந்தப் பூ போச்சு. பிறகு காகித உறை போட்டு மூடி வைப்பார்கள். மறுநாள் காலை ஒன்பது பத்து மணிக்குப் பூ விரியும் நேரத்தில் தந்தைச் செடியின் கதிரைக் கொண்டுவந்து உறைக்குள் உதறுவார்கள். இவ்வளவும் செய்தால் ஒரு கதிரில் சில மணிகள் பிடிக்கும்.

சிரமம் அதோடு முடியவில்லை. பிறக்கிற பிள்ளையில் பாதி ஜப்பான் நெல், பாதி சம்பா மசூரி. நமக்கு வேண்டியது ஒரு மரபணு. வந்து சேர்வதோ ஆயிரக்கணக்கில். சன்னமான மணி போய்விடும், சாதம் உதிரியாக இல்லாமல் குழையலாம், வயது மாறும். அதனால் அந்தப் பிள்ளையை மறுபடி சம்பா மசூரியோடே கட்ட வேண்டும். அன்னியப் பங்கு ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறையும். நாலு முறை திரும்பக் கட்டினாலும் சராசரியாக 3 சதவீதம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு போகம் காத்திருக்க வேண்டும்.

இதே சம்பா மசூரியில் அப்படிச் செய்தும் இருக்கிறார்கள். பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கு எதிரான மூன்று மரபணுக்களைத் திரும்பத் திரும்ப ஒட்டுக் கட்டி உள்ளே கொண்டுவந்து, ஹைதராபாத்தின் நெல் ஆராய்ச்சி நிலையமும் செல், மூலக்கூறு உயிரியல் மையமும் 2008இல் மேம்பட்ட சம்பா மசூரி என்ற ரகத்தை வெளியிட்டன. அருமையான வேலை. ஆனால் வருடக்கணக்கில் ஆன வேலை.

திருத்தத்தில் இந்தச் சுற்று கிடையாது. அன்னியச் செடி எதையும் கலக்காததால், சம்பா மசூரியை மறுபடி மீட்டெடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது சம்பா மசூரியாகவே இருக்கிறது, ஒரு பத்தி மட்டும் அடித்துவிட்ட நிலையில். பயிர் இனவிருத்தியை இது வேகப்படுத்துகிறது என்று சொல்வதன் முழு அர்த்தமும் இதுதான். செடி வேகமாக வளர்வதில்லை. திரும்பக் கட்டும் போகங்கள் மிச்சமாகின்றன.

அந்தக் கத்திரி எப்படி வேலை செய்கிறது? அதன் பெயர் கிறிஸ்பர்-காஸ்9. வைரஸ் தாக்கினால் அதை அடையாளம் வைத்து வெட்டுவதற்காகப் பாக்டீரியாக்கள் வைத்திருக்கும் தற்காப்பு ஆயுதம். அதை நாம் சொல்லும் இடத்தில் வெட்டும் கருவியாக்கலாம் என்று எம்மானுவேல் சார்பென்டியேயும் ஜெனிஃபர் டௌட்னாவும் 2012இல் காட்டினார்கள். 2020இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். கருவிக்கு இரண்டு பாகம். ஒன்று விலாசச் சீட்டு, 20 எழுத்து நீளம். இன்னொன்று கத்தி. சீட்டில் உள்ள 20 எழுத்தும் பொருந்துகிற இடத்தில் கத்தி டி.என்.ஏ.வை வெட்டும். செல் பதறிப்போய் அந்த வெட்டை ஒட்டப் பார்க்கும். அவசரத்தில் ஓரிரு எழுத்து விட்டுப்போகும், அல்லது கூடிப்போகும். அவ்வளவு போதும், அந்தப் பத்தியின் அர்த்தம் குலைந்துவிடும்.

கத்தி செடிக்குள்ளேயே தங்கிவிடாதா? நல்ல சந்தேகம். முதலில் தங்கத்தான் செய்கிறது. நெல் முளையிலிருந்து சோதனைச்சாலையில் வளர்த்த திசுக்கட்டிக்குள், பெரும்பாலும் ஒரு மண் பாக்டீரியாவின் மூலம், கத்திக்கான மரபணுவை அனுப்புகிறார்கள். அது செடியின் டி.என்.ஏ.வில் ஓரிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் செடி காய்த்து விதை கொடுக்கும்போது, ஒரே இடத்தில்தான் கத்தி இருந்தது என்றால், நாலில் ஒரு பிள்ளைக்குக் கத்தி போகாது. ஆனால் வெட்டின தழும்பு இருக்கும். அந்தப் பிள்ளையைத் தேடி எடுத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவார்கள்.

இப்போது சித்தப்பாவின் கேள்விக்கு வரலாம். பி.டி. பருத்தியில் ஒரு மண் பாக்டீரியாவின் மரபணு நிரந்தரமாக உள்ளே இருக்கிறது. காய்ப்புழுவுக்கான நஞ்சைச் செடியே தயாரிக்கிறது. அது மரபணு மாற்றம். இந்தியாவில் 2002இல் அனுமதி பெற்றது. கமலாவில் வெளியிலிருந்து வந்த மரபணு எதுவும் இல்லை. அது மரபணு திருத்தம். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 மார்ச் 30 அன்று, அன்னிய மரபணு இல்லாத திருத்தப் பயிர்களை மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடும் விதிகளிலிருந்து விலக்கியது. அன்னிய மரபணுவைச் செருகும் வகைத் திருத்தத்துக்கு இந்த விலக்கு இல்லை.

இனி உங்கள் வயலுக்கு வருவோம். மகசூல் எவ்வளவு கூடும்? நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கில், சம்பா மசூரி ஹெக்டேருக்கு 4.5 டன், கமலா 5.37 டன். ஏக்கருக்கு மாற்றினால் 350 கிலோ கூடுதல். 60 கிலோ மூட்டை என்றால் ஐந்தாறு மூட்டை. இது பல ஊர்ச் சோதனை வயல்களின் சராசரி என்பதை மறக்க வேண்டாம். கடைமடையில் தண்ணீர் முன்பின்னாக வரும் வயலில் அதே கணக்கு வரும் என்று எதிர்பார்த்துக் கடன் வாங்காதீர்கள்.

வயது? ஏறக்குறைய 20 நாள் முன்னதாக, 130 நாளில் அறுவடைக்கு வரும் என்கிறார்கள். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் டெல்டாக்காரர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். வழக்கமான தேதியிலேயே நாற்று விட்டால், தையில் அறுக்க வேண்டிய நெல் மார்கழியிலேயே முற்றி நிற்கும். வடகிழக்குப் பருவமழையின் வால் அப்போதும் ஓய்ந்திருக்காது. முற்றிய கதிர் நனைந்து சாய்ந்தால் வயலிலேயே முளைத்துவிடும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக, வயது குறைந்த ரகம் என்றால் விதைப்புத் தேதியையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்த வருடத்தில் இதுவே பெரிய உதவி. மேட்டூர் அணையை வழக்கம்போல ஜனவரி கடைசியில் மூடினாலும் பயிர் தப்பிக்கும்.

இன்னொரு லாபம் உளுந்து. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, ஈரம் காயாத வயலில் நெல்லுக்குள்ளேயே உளுந்தோ பயறோ தெளிப்பீர்கள். நெல் இழுத்துக்கொண்டே போனால் தெளிப்பும் தள்ளிப்போகும், மாசி வெயிலில் ஈரம் சுண்டி உளுந்து கருகும். விதைப்பை முழு 20 நாளும் தள்ளாமல், பத்து நாள் முன்னால் வயல் கிடைத்தால்கூட அந்த வித்தியாசம் களத்தில் தெரியும். ஏக்கர் மகசூலைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன்.

குறுவைக்குப் போடலாமா? வேண்டாம். குறுவைக்கு 105 முதல் 115 நாள் ரகம் வேண்டும். இது அதைவிட நீளம்.

நோய் வராதா? வரும். வெட்டியது மணியின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் பத்தியை. நோய்க்கான பத்திகளை யாரும் தொடவில்லை. பி.பி.டி.யில் குலை நோயும் இலைக்கருகலும் எப்படிப் பாடாய்ப்படுத்துகின்றன என்று நீங்கள் அறிவீர்கள். அதே கவனிப்பு இதற்கும் தேவைப்படும். கதிரில் மணி கூடினால், அத்தனையும் நிறைவதற்கு உரமும் வெயிலும் வேண்டும். இல்லாவிட்டால் பாதி பதராகப் போகும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்குக் கமலாவைவிட அந்த இரண்டாவது ரகம் முக்கியம். பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1, எம்.டி.யு. 1010 என்ற ஆந்திர ரகத்தைத் திருத்தி எடுத்தது. இதில் வெட்டிய மரபணு வேலை செய்யும்போது இலைத்துளைகள் (இலையின் மேல் காற்றும் நீராவியும் போய்வரும் நுண்ணிய வாய்கள்) நிறைய உண்டாகின்றன, திறந்தும் கிடக்கின்றன. அதை நிறுத்தினால் துளை குறைகிறது, செடி தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. கடலோர உப்பு நிலத்தில் தாய் ரகத்தைவிட 30 சதவீதம், களர் நிலத்தில் 14 சதவீதம் அதிகம் விளைந்ததாக அறிவித்திருக்கிறார்கள். 'தாய் ரகத்தைவிட' என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் மண்ணுக்கென்றே வந்த திருச்சி ரகங்களைவிட இது மேலா என்பது வேறு கேள்வி. உங்கள் வயலில் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் போட்டுப் பார்த்தால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

விதையை எடுத்து வைத்து அடுத்த போகம் போடலாமா? போடலாம். இவை வீரிய ஒட்டு ரகம் (ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டிய கலப்பு விதை) அல்ல. உங்கள் களத்து நெல்லே விதையாகும். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட ரகத்தின் விதையையும் உழவர் சேமிக்கலாம், விதைக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். கம்பெனி முத்திரை போட்டு மட்டும் விற்கக் கூடாது. கிறிஸ்பர் கருவியின் காப்புரிமை வெளிநாட்டுக் கைகளில் இருப்பது உண்மைதான். அந்தப் பேரம் விதையின் விலையில் வந்து நிற்குமா என்று உழவர் சங்கங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கட்டாக்கில் உள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனம் டி.என்.பி.பி. என்ற வேறொரு குட்டிக் கத்தி நெல்லில் வெட்டுவதைக் காட்டியிருப்பதும் இந்தக் கவலையால்தான்.

சாப்பிடலாமா? வாங்கிச் சமைப்பவர் முதலில் கேட்பது இதுதான். கமலா அரிசியில் புதிய புரதமோ நஞ்சோ சேர்க்கப்படவில்லை. ஒரு புரதம் குறைந்திருக்கிறது, அவ்வளவே. கத்தி தவறான இடத்தில் வெட்டியிருந்தால்? விலாசத்தைப் போலவே இருக்கும் வேறு இடங்களில் வெட்டு விழ வாய்ப்பு உண்டு. அதனால்தான் டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்துத் தவறு இல்லாத செடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். டிராம்பே அணு ஆராய்ச்சி மையம் விதைக்குக் கதிர்வீச்சு காட்டி உருவாக்கிய நிலக்கடலை ரகங்களைப் பல வருடமாகத் தின்று வருகிறோம். கதிர்வீச்சு எங்கே எத்தனை எழுத்தை மாற்றும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஜப்பானில் 2021 முதல் திருத்தம் செய்த தக்காளி விற்பனையில் இருக்கிறது.

இத்தனை சொன்ன பிறகு எதிர்ப்பையும் சொல்ல வேண்டும். மரபணு மாற்றப் பயிர்களை எதிர்க்கும் அமைப்புகள் இரண்டு குறை சொல்கின்றன. விதிவிலக்கு கொடுத்ததால் உயிர்ப் பாதுகாப்புச் சோதனை இலேசாகிவிட்டது என்பது ஒன்று. 2023, 2024 வயல் சோதனை முடிவுகளும் அறிவிப்பில் சொன்ன பெருமையும் ஒத்துப்போகவில்லை என்பது இன்னொன்று. இந்த நிறுவனங்களின் தாய் அமைப்பான இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இரண்டையும் மறுக்கிறது. என் கருத்தைக் கேட்டால், தொழில்நுட்பத்தின் மேல் எனக்குப் பயமில்லை. ஆனால் ஓர் ஊரில் கூடியது, இன்னோர் ஊரில் குறைந்தது என்று ஊர்வாரியாகக் கணக்கை எல்லாருக்கும் புரியும்படி வெளியிடுவதில் என்ன தயக்கம்? ஏக்கருக்கு முப்பதாயிரம் போடுபவர் சராசரியை வைத்து முடிவெடுக்க முடியாது.

சித்தப்பா கடைசியாகக் கேட்டது, "சரி, விதை எப்ப வரும்?"

சோதனைச்சாலை வேலை எவ்வளவு சுருங்கினாலும் இது சுருங்குவதில்லை. முதலில் ரகத்தை உருவாக்கியவர் கையில் வல்லுநர் விதை, மஞ்சள் அட்டை. அதைப் பெருக்கினால் ஆதார விதை, வெள்ளை அட்டை. அதையும் பெருக்கினால்தான் நீல அட்டை கட்டிய சான்று விதை. ஒவ்வொரு படிக்கும் ஒரு போகம். "கமலான்னு சொல்லி யாராவது வெறும் சாக்குல கொண்டாந்தா வாங்கிடாதீங்க சித்தப்பா. வேளாண் விரிவாக்க மையத்துல கேட்டு, நீல அட்டையப் பாத்து வாங்குங்க. வாங்கினாலும் முதல் வருஷம் ஒரு மா நிலத்துக்கு மேல போடாதீங்க."

"ஒரு மாவா? அரை மா போதும்," என்றார். "மழைக்கு என்ன ஆவுதுன்னு பாப்போம்."